ஏழடி மலை, ஒன்பதடி தீவு

"அண்ணா, இதுல எது ஒன்பதடி, எது ஏழடி?"

அனுஷா கேட்டபோது உத்தமன் ஏணி மேல் நின்று, தூண் உச்சியில் வழிந்திருந்த பசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இறங்கவில்லை. இறங்கினால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஜீவனஹள்ளியில் இருக்கிறது கோவிந்தப்பாவின் பட்டறை. கண்காட்சிக் கடை, மேடை, வரவேற்பு வளைவு எல்லாம் மரத்தில் செய்து கொடுப்பார்கள். அங்கே அளவு குறித்துக் கொடுப்பவர் உத்தமன். வயது ஐம்பத்து நாலு. பட்டறை நடுவில் இரண்டு பிளைவுட் தூண்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அனுஷா ஒன்றைப் பார்த்தாள், மற்றதைப் பார்த்தாள், மறுபடியும் முதலாவதைப் பார்த்தாள்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

"ஒண்ணுதாம்மா. எட்டடி."

"எது எட்டடி?"

"ரெண்டும்."

அனுஷா சேலத்துப் பெண். கம்பெனிகளுக்குக் கூட்டம் நடத்திக் கொடுக்கும் இடத்தில் வேலை. அன்று மாலை நாலு மணிக்கு ஊருக்குள் ஒரு பெரிய ஓட்டலின் மூன்றாவது மாடியில் ஒரு ஷேர் கம்பெனியின் கூட்டம். அதற்குத்தான் இந்தத் தூண்கள். மணி பத்தரை ஆகியிருந்தது. அவள் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் டிராயிங் அனுப்பினேனே அண்ணா. தீவு ஒன்பது, மலை ஏழுன்னு பெருசா எழுதியிருந்தேனே."

"பார்த்தேம்மா. ஒன்பது ஆயுசுக்கு ஆகாது. ஏழு தரித்திரம். மனையடி சாஸ்திரத்துல தெளிவாப் போட்டிருக்கு. எட்டு நல்ல பாக்கியம். அதான் ரெண்டையும் எட்டாக்கிட்டேன்."

"இது வீடு இல்லண்ணா!"

"தூணுதானே?"

பிளைவுட் பலகை கடையிலிருந்து வரும்போதே எட்டடியாகத்தான் வருகிறது, ஒன்பது என்றால் ஒட்டுப் போட வேண்டும், ஏழு என்றால் அறுக்க வேண்டும். அதுவும் ஒரு காரணம். அதை உத்தமன் சொல்லவில்லை.

சத்தம் கேட்டு கோவிந்தப்பா உள்ளே இருந்து வந்தார். தூண்களைப் பார்த்தார். அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"உத்தமா! மறுபடியுமா? தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார்.

'மறுபடியும்' என்றதற்குக் காரணம் உண்டு. போன மாதம் ஒரு நகைக்கடைக்குப் பன்னிரண்டடி கவுண்டர் கேட்டார்கள். பன்னிரண்டில் செல்வம் அழியும் என்று உத்தமன் பதினோரடியில் செய்துவிட்டார். மிச்சம் ஓரடி இடைவெளியில் கடைக்காரர் துடைப்பம் வைத்திருக்கிறார். கோவிந்தப்பா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவரைக் கூப்பிட்டு அந்தத் துடைப்பத்தைக் காட்டுகிறார்.

"அன்னிக்கே சொன்னேன். இன்னொரு தடவை அளவை மாத்தினா அளவு டேப்பைப் பெயின்டர் நாகேஷ்கிட்ட குடுத்துட்டு ஹெப்பகோடி குடோனுக்குப் போயிடுன்னு சொன்னேனா இல்லையா?"

சொன்னார். ஹெப்பகோடி குடோனில் வேலை என்றால் லாரியிலிருந்து பிளைவுட் இறக்குவது. ஜீவனஹள்ளியிலிருந்து மூன்று பஸ். உத்தமனின் இடுப்பில் ஏற்கெனவே ஒரு எலும்பு நகர்ந்திருந்தது. குனிந்து ஒரு குடம் தண்ணீர் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி, மனைவி சொர்ணம் பெல்ட் வாங்கிக் கட்டிவிட்டிருந்தாள். குடோனுக்குப் போனால் ஒரு வாரம் தாங்குவார். அப்புறம் படுக்கைதான். டேப் கையில் இருக்கும்வரை நின்றுகொண்டே பிழைக்கலாம்.

"நாலு மணிக்குள்ள சரி பண்ணிடறேன் மொதலாளி."

"அந்தம்மா சரின்னு சொல்லணும். இல்ல, நாளைக்குக் காலைல ஹெப்பகோடி."

உத்தமன் ஏணியிலிருந்து இறங்கினார்.

"ஏம்மா, இந்தத் தூணு என்னத்துக்குத்தான்? அதையாவது சொல்லு."

அனுஷா சொன்னாள். வெளிநாட்டுக்காரர்கள் ஒரு நாட்டுக் கம்பெனிகளின் ஷேரை வாங்குவதற்காக அந்த நாட்டுக்குள் கொண்டுவரும் பணத்தின் கணக்கு இது. ஒன்று கடல் நடுவில் இருக்கும் குட்டித் தீவு நாடு, மற்றது ஒரு குட்டி மலை நாடு. போன வருஷம் எந்த நாட்டுக்கு எவ்வளவு வந்தது என்று ஒப்பிட்டுப் பேசப் போகிறார்கள். பேப்பரில் கோடு போட்டுக் காட்டினால் யாரும் பார்ப்பதில்லை, ஆள் உயரத்துக்கு மேல் தூணாக நிறுத்தினால் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நாடுகளின் பெயர்களையும் சொன்னாள். உத்தமன் வாயில் நுழையவில்லை. அன்று முழுக்க அவருக்குத் தீவு, மலை என்பதுதான் பெயர்.

பெயின்டர் நாகேஷ் பிரஷ்ஷைக் கழுவியபடி கேட்டுக்கொண்டிருந்தார். உத்தமன் வயதுதான். கோலார் பக்கம். இருபது வருஷமாகத் தமிழும் கன்னடமும் கலந்து உத்தமனோடு சண்டை போடுகிறவர்.

"ஃபேக்டரி கட்டறதுக்கு வர்ற துட்டா மேடம்?"

"இல்லண்ணா. ஷேர் மட்டும். பிடிச்சா வாங்குவாங்க. பிடிக்கலைன்னா வித்துட்டுக் கிளம்பிடுவாங்க."

"அப்போ வாடகைக்கு வர்ற ஐ.டி. பசங்க மாதிரி. வீடு நிறைஞ்ச மாதிரி இருக்கும், திடீர்னு ஒருநாள் பூட்டு தொங்கும்."

"கிட்டத்தட்ட அப்படித்தான்," என்றாள் அனுஷா. அவளும் வாடகை வீட்டில்தான் இருந்தாள்.

உத்தமன் யோசித்தார். "அப்ப தீவு பெருசா இருக்கணும், மலை சின்னதா இருக்கணும். அவ்வளவுதானே? மலையை அறுத்துடறேன்."

"ஏழடிக்கு."

"ஆறடிக்கு. ஆறு நல்லது."

"அண்ணா!"

"ஒரு நாட்டையே கொண்டுபோய் ஏழடியில நிறுத்தினா அந்த ஜனங்க என்னம்மா ஆகும்?"

அவள் மறுபடி வாய் திறப்பதற்குள் மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது. மரத்தூள் அடங்கியபோது மலை ஆறடியாக இருந்தது.

அனுஷா செல்போனில் கணக்குப் போட்டாள். முகம் மாறியது.

"தப்பாயிடுச்சுண்ணா. ஒன்பதுக்கு ஏழுன்னா, எட்டுக்கு ஆறு புள்ளி ரெண்டு ரெண்டு வரணும். நீங்க ஆறுல நிறுத்திட்டீங்க. மலை நாட்டுக்காரர் முன்வரிசையில உக்காரப் போறாரு. எங்க நாட்டைக் குறைச்சுட்டீங்கன்னு கேட்டா?"

"புள்ளி ரெண்டு ரெண்டுன்னா எவ்வளவு?"

"ரெண்டே முக்கால் இஞ்ச்."

"ரெண்டே முக்கால் இஞ்சுக்கா ஒரு நாடு கோவிச்சுக்கும்?"

"ஒரு இஞ்ச் எத்தனை கோடி டாலர்னு தெரியுமாண்ணா?"

உத்தமன் அறுத்துப் போட்ட துண்டிலிருந்தே ரெண்டே முக்கால் இஞ்ச் எடுத்து மலையின் தலையில் ஒட்டினார். சாஸ்திரத்தில் முழு அடிக்குத்தான் பலன், இஞ்சுக்குப் பலன் சொல்லவில்லை. அதனால் அவருக்கும் ஆட்சேபணை இல்லை. ஒட்டின இடம் தெரிந்தது. நாகேஷ் அதன் மேல் தங்கக் கலர் பீடிங் பட்டையைச் சுற்றி அடித்தார். மலைக்கு மட்டும் தங்கம் போட்டால் தீவுக்காரர் கேட்பார் என்று தீவுக்கும் அடிக்க வேண்டி வந்தது. பீடிங் தீர்ந்துபோய், பக்கத்துக் கடையில் வாங்கி வந்தபோது மணி ஒன்று.

"இப்ப சரி," என்றாள் அனுஷா.

அப்போதுதான் சிவாஜிநகர் பிரிண்டிங் கடையிலிருந்து ஸ்டிக்கர் வந்தது. இரண்டு சுருள். தீவுக்கு நீலம், மலைக்குப் பச்சை. தூணைச் சுற்றி ஒட்ட வேண்டியது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு வெள்ளைக் கோடு. ஒரு கோட்டுக்கு இத்தனை கோடி டாலர் என்று கணக்கு. நீலத்தில் ஒன்பது கோடு, பச்சையில் ஏழு கோடு. டிராயிங்கில் இருந்தபடியே, ஒன்பதடியும் ஏழடியும்.

நாகேஷ் நீலச் சுருளைத் தரையில் விரித்துப் பார்த்தார்.

"குரு, துணி பெருசு, ஆள் சின்னது," என்றார் உத்தமனிடம்.

"மிச்சத்தை அறுத்துடலாம்," என்றார் உத்தமன்.

"அறுத்தா கோடு குறையும்ணா. கோடுதான் கணக்கே," என்றாள் அனுஷா. "புதுசா பிரிண்ட் போட நாளைக்குத்தான் ஆகும். எங்க மேனேஜர் என்னை..." அவள் கண் கலங்கிவிட்டது.

கோவிந்தப்பா வாசலில் வந்து நின்றார். செல்போனை எடுத்து, "ஹலோ, ஹெப்பகோடியா? நாளைக்கு எத்தனை லாரி வருது?" என்று கேட்டார்.

உத்தமன் இடுப்பு பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தூணை நீட்ட முடியாது. நீட்டினால் அது ஒன்பதடித் தூணாகிவிடும். ஆனால் அடியில் ஒரு பெட்டி வைத்தால்? எட்டடித் தூண் ஓரடிப் பெட்டி மேல் நிற்கிறது. தூண் வேறு, பெட்டி வேறு. தெய்வம் கேட்டாலும் அப்படிச் சொல்லலாம். மலைக்கு ஒன்பதே கால் இஞ்சில் ஒரு பெட்டி. அப்போது தரையிலிருந்து சரியாக ஏழடி. ஸ்டிக்கரைப் பெட்டியோடு சேர்த்து மேலே ஒட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது.

"ஏன்ணா இதை மொதல்லயே..." என்று ஆரம்பித்த அனுஷா, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

இரண்டு பெட்டிகள் தயாராயின. தூண்களையும் பெட்டிகளையும் தனித்தனியாக டெம்போவில் ஏற்றிக்கொண்டு ஓட்டலுக்குப் போனபோது மணி மூன்று. மேடையில் சிவப்புத் திரை மூடியிருந்தது. அதற்குப் பின்னால் வைத்துத்தான் பெட்டியைத் தூணோடு பூட்ட வேண்டும். பேச்சு முடிந்ததும் ஷேர் கம்பெனி முதலாளி ராஜேஷ்குமார் கயிற்றை இழுத்துத் திறப்பார்.

விருந்தினர்களை வரவேற்க அனுஷா கீழே போனாள். திரைக்குப் பின்னால் உத்தமனும் நாகேஷும் மட்டும்.

உத்தமன் பெட்டியைப் பார்த்தார், தூணைப் பார்த்தார். கை நீளவில்லை. தூண் வேறு, பெட்டி வேறு என்று பட்டறையில் நினைத்தபோது சரியாகத்தான் இருந்தது. இங்கே, தன் கையாலேயே தூக்கி ஒன்பதில் நிறுத்துவது என்று வந்தபோது அது ஒன்பதடித் தூணாகவே தெரிந்தது. ஐம்பத்து நாலு வயதில் ஆயுசோடு விளையாட அவர் தயாராக இல்லை.

"நாகேஷு, நீயே பூட்டிடு. நான் பார்க்க மாட்டேன்."

"உனக்கு ஆகாதது எனக்கு மட்டும் ஆகுமா?"

"உனக்குத்தான் சாஸ்திரத்துல நம்பிக்கை இல்லையே. நம்பாதவனை அது ஒண்ணும் பண்ணாது."

"நல்ல ஆளுய்யா நீ. போ. பெட்டியை அடியில வெச்சு ஸ்க்ரூ போட்டு ஸ்டிக்கரை ஒட்டணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

உத்தமன் பின்வாசல் வழியாக சர்வீஸ் லிஃப்ட் பக்கம் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். இருபது நிமிஷம் கழித்துத் திரும்பியபோது வாசலில் செக்யூரிட்டி நின்றார். பாஸ் கேட்டார். பாஸ் இல்லை. உள்ளேயிருந்து நாகேஷ் வந்தார்.

"ஆய்த்து. பார்க்கலாம்னா பாரு, நல்லா வந்திருக்கு."

"விட மாட்டேங்கறாங்க. ஸ்டிக்கர் சரியா உக்காந்துச்சா?"

"ஒரு இஞ்ச் கூட மிச்சமாகல."

உத்தமனுக்கு உயிர் வந்தது. ஓடிவந்த அனுஷாவும் அதையே கேட்டாள். "ஒரு இஞ்ச் கூட மிச்சமாகல மேடம்," என்று நாகேஷ் அதையே சொன்னார். பொய் இல்லை. அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு முன்பக்கம் போய்விட்டாள்.

கூட்டம் தொடங்கியது. பின்வாசல் கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி இருந்தது. உத்தமனும் நாகேஷும் மாறி மாறி அதில் முகம் வைத்துப் பார்த்தார்கள். அங்கிருந்து மேடை பக்கவாட்டில் தெரிந்தது. முன்வரிசையில் தீவு நாட்டுக்காரர், மலை நாட்டுக்காரர், பக்கத்தில் மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் அம்மா. அவர்தான் நாடு நாடாகக் கணக்கு எடுத்துக் கொடுத்தவர் என்று மேடையில் சொல்லிக் கைதட்டினார்கள். கடைசி வரிசை ஓரத்தில் கோவிந்தப்பா சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ராஜேஷ்குமார் அரை மணி நேரம் பேசினார். தீவு ஏன் ஜெயித்தது? கடல் இருக்கிறது, கடல் இருந்தால் மனசு விசாலமாக இருக்கும், வெளிநாட்டுக்காரன் தைரியமாகப் பணம் போடுவான். மலை ஏன் தோற்றது? மலையில் ஏறவே பயம். பணமும் அப்படித்தான். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். மலை நாட்டுக்காரர் மட்டும் எழுதவில்லை.

"வித்தியாசத்தை இப்போது உங்கள் கண்ணாலேயே பாருங்கள்," என்று சொல்லிவிட்டு அவர் கயிற்றை இழுத்தார்.

திரை விலகியது.

தூண்கள் இரண்டும் ஒரே உயரத்தில் நின்றன. தீவு எட்டடி. மலையும் எட்டடி. தீவில் எட்டுக் கோடு. மலையிலும் எட்டுக் கோடு. மலையின் அடியில் மட்டும் ஓரடிக்கு நீலமாக இருந்தது, மலையடிவாரத்தில் கடல் வந்து நிற்பதுபோல.

ராஜேஷ்குமார் விரலை நீட்டிக் கோடுகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். அவர் முகம் வெளுத்துப்போய், இரண்டடி பின்னால் நகர்ந்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது முன்னால் பரவியது. மலை நாட்டுக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். தீவு நாட்டுக்காரர் நாற்காலியை நகர்த்திவிட்டு வெளியே போனார். மூக்குக் கண்ணாடி போட்ட அம்மா மட்டும் நிதானமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

உத்தமன் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்தார்.

"என்னடா பண்ணே?"

"என்ன பண்ணேன்? ரெண்டு பெட்டி குடுத்தே. ரெண்டையும் குட்டைக்கு அடியில வெச்சேன்."

"ஒண்ணு தீவுக்குடா!"

"உசரமா இருக்கறவனுக்கு எதுக்கய்யா ஸ்டூல்? கல்யாணத்துல போட்டோ எடுக்கறப்ப பார்த்ததில்ல? பொண்ணு குட்டைன்னா பொண்ணு காலுக்கடியிலதானே போடுவாங்க? மாப்பிள்ளை காலுக்கா போடுவாங்க?"

"ஸ்டிக்கர்?"

"நீலம் ஒரு அடி மிஞ்சிச்சு. பச்சை ஒரு அடி பத்தல. இதுல அறுத்து அதுல ஒட்டினேன். வேஸ்ட் பண்ணலாமா? சிவாஜிநகர்காரன் அடிக்கு எவ்வளவு வாங்கறான் தெரியுமா?"

தானே நின்று பூட்டியிருந்தால் இது நடந்திருக்காது என்று உத்தமனுக்குத் தெரிந்தது. நாகேஷுக்கும் தெரிந்தது. அவர் உத்தமன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

கோவிந்தப்பா பின்வாசலுக்கு வந்தபோது கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கையை நீட்டினார். உத்தமன் இடுப்பிலிருந்து டேப்பைக் கழற்றி அந்தக் கையில் வைத்தார்.

"காலைல எட்டு மணிக்கு அங்க இரு. மூணு லாரி வருதாம்."

"இடுப்பு மொதலாளி..."

"சாஸ்திரத்துல இடுப்புக்கு ஏதாவது போட்டிருக்கும், பாரு."

அனுஷா அந்தப் பக்கம் வந்தாள். யாரையோ போனில் சமாதானம் செய்துகொண்டிருந்தாள். உத்தமனைப் பார்த்ததும் போனைக் கையால் மூடிக்கொண்டு, "ஏன்ணா?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

கீழே கார் நிறுத்தும் இடத்தில் டெம்போ நின்றது. தூண்களைப் பெட்டியோடேயே இறக்கி, படுக்க வைத்துக் கட்டினார்கள். நாகேஷ் டெம்போ டிரைவரைத் தேடிப் போனார். உத்தமன் டெம்போ விளிம்பில் உட்கார்ந்து பெல்ட்டைத் தளர்த்தினார். சொர்ணத்திடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தார். மூன்று பஸ் என்பதை முதலில் சொல்லலாம். லாரி என்பதை அப்புறம் சொல்லலாம்.

பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார். அதில் சாய்ந்துகொண்டு ஒருவர் பேப்பரில் சுற்றிய முட்டை பஃப்ஸ் தின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், டிரைவர் உடுப்பு. சட்டைப் பையில் ஜாய்சன் என்று பெயர் பட்டி.

"என்னண்ணா, முகம் ஒரு மாதிரி இருக்கு? உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நாளைக்குத்தான் கெடப் போவுது." உத்தமன் தூண்களைக் கையால் காட்டினார். "இதுல அளவு தப்பாப் போச்சு. ஒண்ணு ஒன்பதடி, ஒண்ணு ஏழடி நிக்கணும். ரெண்டும் எட்டடியில நின்னுடுச்சு. அதுக்குத்தான் மேல அவ்வளவு கலாட்டா."

ஜாய்சன் பஃப்ஸை மெல்லுவதை நிறுத்தினார். குனிந்து, படுத்திருந்த தூண்களின் கோடுகளை விரல் வைத்து எண்ணினார். பிறகு லிஃப்ட் பக்கம் திரும்பி, தன் முதலாளி ராஜேஷ்குமார் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தணித்தார்.

"தப்பா? அந்தக் கண்ணாடி போட்ட அம்மா எடுத்துக் குடுத்த கணக்குல ரெண்டு நாட்டுக்கும் எட்டு எட்டுதாண்ணா இருந்துச்சு. எட்டு சனியோட நம்பரு, அது முன்னாடி நின்னு பேச மாட்டேன்னு எங்க சார்தான் இதே வண்டியில உக்காந்து, போன்ல, மலையில ஒண்ணை எடுத்துத் தீவுல போடச் சொன்னாரு."